கம்ப்யூட்டர் கோல்ஃபும் அழுகுணி ஆட்டமும்



மதியம் இரண்டு மணி வெயிலில் வெளியே போனால் அம்மா திட்டுகிறார். சரி என்று வீட்டுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அப்பா திட்டுகிறார். விடுமுறை நாளில் என்னதான் செய்வது என்று கேட்கிறீர்கள், இல்லையா? உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இந்த வாரம் கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றித்தான் பேசப் போகிறோம். பயப்படாதீர்கள். ‘கண் கெட்டுப் போகும், படிப்பு கெட்டுப் போகும்’ என்ற பழைய பாட்டை நான் பாடப் போவதில்லை. அதைத்தான் வீட்டில் தினமும் கேட்கிறீர்களே! சுடுவது, வெட்டுவது, காரை மோதுவது எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு, ஒரே ஒரு விளையாட்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது கோல்ஃப்.

எங்கள் நெல்லித்தோப்பில், எங்கள் தெருவிலேயே, எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவன் இதில் கெட்டிக்காரன். அவன் கோல்ஃப் மைதானத்தை நேரில் பார்த்ததில்லை. மட்டையைத் தொட்டதும் இல்லை. ஆனால் ஸ்காட்லாந்தில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தில் எந்த மணல் பள்ளம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் எந்தக் கடை எங்கே என்று சொல்வதுபோலச் சொல்லிவிடுவான். மற்ற பிள்ளைகளுக்காக விளையாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 46 கிராமுக்குக் கொஞ்சம் குறைவான எடையுள்ள ஒரு சின்னப் பந்து. தூரத்தில் புல்தரையில் 108 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு குழி. மட்டையால் அடித்து அடித்து அந்தப் பந்தைக் குழிக்குள் போட வேண்டும். இப்படி 18 குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வெற்றி பெற்றவர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் ‘பார்’ என்று பெயர். அதைவிட ஓர் அடி குறைந்தால் ‘பேர்டி’. ஓர் அடி கூடினால் ‘போகி’. நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!

கம்ப்யூட்டரில் இந்த விளையாட்டு வந்து வெகுகாலம் ஆகிறது. 1990-ல் அமெரிக்காவின் ஆக்சஸ் சாஃப்ட்வேர் நிறுவனம் ‘லிங்க்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. அன்றைய கம்ப்யூட்டர்களில் ஒவ்வோர் அடிக்குப் பிறகும் மரம், குளம், வானம் எல்லாம் மெதுவாகத் திரையில் வரையப்படும். அதுவரை காத்திருக்க வேண்டும். 1998 முதல் புகழ்பெற்ற வீரர் டைகர் உட்ஸ் பெயரிலேயே விளையாட்டுகள் வரத் தொடங்கின. 2011-ல் வந்த ஒன்றுக்காக அமெரிக்காவின் அகஸ்டா மைதானத்தை லேசர் கருவியால் அளந்து, அதன் மேடு பள்ளங்களை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்தார்கள்.

மவுஸை ஒருமுறை அழுத்தினால் திரையில் உள்ள ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் ஓங்குவார். இரண்டாம் முறை அழுத்தும் நேரத்தை வைத்து அடியின் பலம். மூன்றாம் முறை அழுத்தும் நேரத்தை வைத்துப் பந்து நேராகப் போகுமா, கோணலாகப் போகுமா என்பது. கண் இமைக்கும் நேரம் பிசகினால் பந்து குளத்தில் விழும். பல விளையாட்டுகளில் வழி இதுதான்.

ஆனால் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்தப் பந்து பறப்பதற்குப் பின்னால் உங்கள் அறிவியல் புத்தகமே இருக்கிறது! மட்டை பந்தைத் தொடும் நேரம் எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் பந்துக்கு வேகம் வந்துவிடுகிறது, சுழற்சியும் வந்துவிடுகிறது. விநாடிக்கு நாற்பது சுற்றுக்கு மேல் பின்பக்கமாகச் சுழன்றபடி பந்து பறக்கிறது. அந்தச் சுழற்சியால் காற்று பந்தை மேல்நோக்கித் தூக்குகிறது. இதற்கு மேக்னஸ் விளைவு என்று பெயர். கிரிக்கெட்டில் சுழல்பந்து காற்றிலேயே வளைவதும் இதனால்தான்.

கோல்ஃப் பந்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? அம்மைத் தழும்பு மாதிரி உடம்பெல்லாம் முந்நூறு, நானூறு சின்னக் குழிகள் இருக்கும். அழகுக்காக என்று நினைத்துவிடாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ‘கட்டாபெர்ச்சா’ என்ற மரப்பாலில் வழவழப்பான பந்துகள் செய்தார்கள். புதுப் பந்தைவிட, அடிபட்டு வடு விழுந்த பழைய பந்து அதிக தூரம் போவதை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். இது என்ன வேடிக்கை! வழவழப்பான பந்துக்குப் பின்னால் காற்று சீக்கிரமே பிரிந்து பெரிய சுழலாகி, பந்தைப் பின்னுக்கு இழுக்கிறது. குழிகள் இருந்தால் காற்று பந்தை ஒட்டியே இன்னும் கொஞ்சம் தூரம் போகிறது, இழுப்பு குறைகிறது. குழியில்லாத பந்து ஏறக்குறையப் பாதி தூரம்தான் போகும். கம்ப்யூட்டர் இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒரு விநாடியைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் புவியீர்ப்பு எவ்வளவு இழுத்தது, காற்று எவ்வளவு தடுத்தது, எவ்வளவு தூக்கியது என்று கூட்டிக் கழித்துப் பந்தை நகர்த்துகிறது. விமானிகள் தரையிலேயே பயிற்சி பெறும் சிமுலேட்டர் இயந்திரத்திலும் இதே வேலைதான் நடக்கிறது.

காற்றே இல்லாவிட்டால்? அதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார். 1971 பிப்ரவரி 6 அன்று அப்போலோ 14 விண்வெளி வீரர் ஆலன் ஷெப்பர்ட் நிலவில் நின்று இரண்டு பந்துகளை அடித்தார். மைல் கணக்கில் போனது என்று தமாஷாகச் சொன்னார். அந்தப் புகைப்படங்களைத் தெளிவாக்கி 2021-ல் அளந்து பார்த்தபோது, முதல் பந்து சுமார் 22 மீட்டர், இரண்டாவது சுமார் 37 மீட்டர் என்று தெரிந்தது. கனமான விண்வெளி உடையில் ஒற்றைக் கையால் அடித்தவர் அவர். குறை சொல்லக் கூடாது.

இனி, என் மனதை உறுத்திய விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருப் பையன் ஒருநாள் ஓடிவந்து, “சார், பாருக்கு எட்டு அடி குறைவு! மொத்தம் 64!” என்றான். உலகப் போட்டியில் ஆடும் வீரர்களே மகிழும் எண்ணிக்கை அது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பந்து குளத்தில் விழுந்தது. அவன் ஒரு பொத்தானை அழுத்தினான். பந்து பழைய இடத்துக்கே வந்துவிட்டது! மறுபடியும் அடித்தான், மரத்தில் பட்டது. மறுபடியும் பொத்தான். நான்காவது முறை பந்து அழகாகப் போய் விழுந்தது. திரையில் ஓர் அடி என்றுதான் கணக்கு. இந்த வசதிக்கு ‘முல்லிகன்’ என்று பெயராம்.

“இது அழுகுணி ஆட்டம் இல்லையாப்பா?” என்று கேட்டேன்.

“கேம்லயே அது இருக்கே சார்!” என்றான்.

அவன் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. கற்றுக்கொள்ளும்போது மறுபடியும் மறுபடியும் செய்து பார்ப்பது நல்லதுதான். சிலேட்டில் எழுதி அழித்து எழுதித்தானே எழுத்து வந்தது? ஆனால் அழித்து எழுதியதை ஒரே தடவையில் எழுதினேன் என்று காட்டலாமா? பயிற்சி வேறு, 64 என்று ஊருக்குச் சொல்லும் கணக்கு வேறு.

கோல்ஃபில் இதற்கு ஒரு தனி முக்கியத்துவம் உண்டு. கிரிக்கெட்டில் அம்பயர் கூடவே நிற்கிறார். கோல்ஃபில் பெரும்பாலும் ஆட்டக்காரர் தன் தவறைத் தானே சொல்ல வேண்டும். 1925-ல் அமெரிக்க ஓப்பன் போட்டியில் பாபி ஜோன்ஸ் என்பவர் ஆடினார். முதல் சுற்றில் நீண்ட புல்லில் கிடந்த பந்தை அடிக்கத் தயாரானபோது மட்டை புல்லில் பட்டு, பந்து துளியூண்டு அசைந்துவிட்டது. அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவரே அதிகாரிகளிடம் சொன்னார். அவர்கள் விசாரித்தார்கள், பார்த்தவர் யாரும் இல்லை. முடிவை அவரிடமே விட்டார்கள். தன் கணக்கில் ஓர் அடியைக் கூட்டிக்கொண்டார் ஜோன்ஸ். அதன் விளைவு? நான்கு சுற்று முடிவில் வில்லி மெக்ஃபார்லேன் என்ற வீரரோடு சமநிலை. அந்த ஓர் அடியைக் கூட்டாமல் இருந்திருந்தால் அன்றே கோப்பை அவருடையது! மறுநாள் மீண்டும் ஆடினார்கள். அதில் ஓர் அடியில் ஜோன்ஸ் தோற்றார். பலர் அவரைப் புகழ்ந்தபோது, வங்கியைக் கொள்ளையடிக்காததற்கு ஒருவரைப் பாராட்டுவீர்களா என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். ஐந்து வருடம் கழித்து, 1930-ல், அந்நாளின் நான்கு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றார் அவர்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் இல்லாதது இதுதான். மற்றபடி காற்று இருக்கிறது, புல் இருக்கிறது, பறவைச் சத்தம்கூட இருக்கிறது. எண்ணும் வேலையை மட்டும் இயந்திரம் பிடுங்கிக்கொண்டது. அதனால் எங்கள் பையனிடம் ஒரு யோசனை சொன்னேன். ஒரு பழைய காலண்டர் அட்டையில் 18 கட்டம் போடு. ஒவ்வொரு குழிக்கும் அடித்த அடிகளை நீயே பென்சிலால் எழுது. பொத்தானை அழுத்தி அழித்த அடிகளையும் சேர்த்து எழுது. அடுத்த முறை கம்ப்யூட்டர் மறுபடியும் 64 என்றது. அட்டை 91 என்றது! இரண்டையும் கொண்டுவந்து காட்டினான். முகம் கொஞ்சம் வாடித்தான் இருந்தது. ஆனால் எந்தக் குழியில் அதிகம் தடுமாறுகிறான் என்று அட்டையைப் பார்த்ததும் அவனுக்கே புரிந்துவிட்டது. திரையைப் பார்த்து அது புரியவில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விளையாட்டைத் தடை செய்வது புதிய யோசனை அல்ல. 1457-ல் ஸ்காட்லாந்து மன்னர் இரண்டாம் ஜேம்ஸ், இளைஞர்கள் வில்வித்தை பழகாமல் கோல்ஃப் ஆடுகிறார்கள் என்று அதற்குத் தடை போட்டார். அவருடைய பேரன் நான்காம் ஜேம்ஸ் 1491-ல் தானும் ஒரு தடை போட்டார். அதே பேரன் 1502-ல் அரசாங்கப் பணத்தில் தனக்குக் கோல்ஃப் மட்டைகள் வாங்கிய கணக்கு இன்றும் இருக்கிறது! நாளுக்கு ஒரு சுற்று, அட்டையில் கணக்கு என்று சொல்லிப் பாருங்கள். தடையைவிட நன்றாக வேலை செய்யும்.

‘இது பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?’ என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் அது உண்மைதான். கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறது. அதன் புல்லை மிதித்த ஏழைப் பிள்ளைகளில் பெரும்பாலோர் மற்றவர்களின் மட்டைப்பையைச் சுமந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். அப்படிச் சுமப்பவரைக் ‘கேடி’ என்பார்கள். ஆனால் பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பன் பட்டத்தையே வென்றார். கொல்கத்தாவில் புல்தரையைப் பராமரித்தவரின் மகன் சௌரசியா, 2008-ல் டெல்லியில் நடந்த இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியில் வெளிநாட்டு வீரர்களைத் தோற்கடித்தார். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூர்ப் பெண் அதிதி அசோக் நான்காம் இடம் பிடித்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வெண்கலப் பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே ஒரே ஓர் அடி. அவருக்கு மட்டைப்பை சுமந்தவர் அவருடைய அம்மா! ஐந்து வயதில் பந்தைத் தொட்டவர் அவர்.

அதற்காக நெல்லித்தோப்பில் ஒரு கோல்ஃப் மைதானம் வேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். 18 குழிக்கு நூறு ஏக்கருக்கு மேல் வேண்டும். அந்தப் புல்லுக்கு நாள்தோறும் தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிக்கொண்டிருக்கும் ஊர் நம்முடையது.

ஆனால் குறிபார்த்துப் பந்து போடும் வேறொரு விளையாட்டு நம் ஊரில் இருக்கிறதே! பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச் சென்ற பெத்தாங்க். முக்கால் கிலோ எடையுள்ள இரும்புக் குண்டு. ஆறிலிருந்து பத்து மீட்டர் தூரத்தில் ஒரு சின்ன மரக்குண்டு. வட்டத்துக்குள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி நின்று, மரக்குண்டுக்கு அருகில் உங்கள் குண்டைப் போட வேண்டும். முதலில் 13 புள்ளி எடுப்பவர் ஜெயித்தார். கோலி ஆடத் தெரிந்த பிள்ளைக்கு இது அரை மணி நேரத்தில் வந்துவிடும். வெயில் தாழ்ந்த பிறகு, ஆடுகிற பெரியவர்கள் பக்கத்தில் போய் நில்லுங்கள். இரண்டு குண்டுகளும் கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் நிற்கும்போது என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். பொத்தான் கிடையாது. ஆடியவர்களே குனிந்து, நாடாவைப் பிடித்து அளப்பார்கள். உங்கள் தெருவில் இரும்புக் குண்டு இல்லையென்றால் கூழாங்கல்லும் ஒரு முழக் கயிறும் போதும். எத்தனைக்கு எத்தனை என்று எங்களுக்கு எழுதுங்கள். தோற்ற கணக்கையும் மறக்காமல் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் இரண்டையும் போடுவோம்.