அம்பாசிடரின் கிரவுனை யார் பார்ப்பது?

சேலத்தில் கார் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் வேலைக்கு வருவதில் பெரும்பகுதி பழைய அம்பாசிடர்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் பெயிண்டுக்கும் குரோமியப் பூச்சுக்கும் சீட் உறைக்கும் கணக்குப் பார்ப்பதில்லை. பின் ஆக்சிலின் நடுவே பூசணிக்காய் போல உருண்டிருக்கும் டிப்ரன்ஷியலுக்கு ஆயில் மாற்றலாம் என்றால் மட்டும், “சத்தம் எதுவும் வரலையே, அப்புறம் பாத்துக்கலாம்” என்கிறார்கள். சத்தம் வந்த பிறகு பார்க்கிற சமாச்சாரம் அல்ல அது. சத்தம் வந்துவிட்டால் தேய்மானம் முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள்.

பெயிண்ட் போனால் மறுபடி அடிக்கலாம். டிப்ரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுனும் பினியனும் போனால்? மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுவிட்டது. அந்த இரண்டு பல்சக்கரங்களும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடு ஒன்று உராயவிட்டு இழைத்துச் சேர்க்கப்பட்ட ஜோடி. பொருத்தம் தவறக்கூடாது என்பதற்காக இரண்டிலும் ஒரே எண்ணைப் பொறித்திருப்பார்கள். ஒரு வண்டியின் கிரவுனையும் இன்னொரு வண்டியின் பினியனையும் சேர்த்துப் போட்டால் பல்லின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஊளைச் சத்தம் நிற்காது. பழைய இரும்புக் கடையில் நல்ல ஜோடி கிடைப்பது ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது. கையில் இருப்பதைக் காப்பாற்றுவது ஒன்றே வழி.

காப்பாற்றுவது என்றால் முதலில் ஆயில். அம்பாசிடரில் இருப்பது ஹைப்பாய்டு வகைப் பல்சக்கரம். பினியன் கிரவுனின் நடுக்கோட்டில் நிற்காமல் அதற்குக் கீழே இறங்கிப் பொருந்தியிருக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் தாழ்ந்து, வண்டிக்குள் தரையும் தாழ வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் பேக்கார்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்குக் கொண்டுவந்த ஏற்பாடு இது. ஆனால் இதில் பற்கள் ஒன்றன்மேல் ஒன்று உருள்வதோடு நிற்பதில்லை, நீளவாக்கில் வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்து, இரும்பும் இரும்பும் நேராக உரசும். அதனால்தான் கந்தகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஈ.பி. வகை 90 நம்பர் ஆயில் இதற்கென்றே வந்தது. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நெடி கந்தகத்தினுடையது. கியர்பாக்ஸுக்கும் அதையே ஊற்றிவிடுகிறவர்கள் உண்டு. பித்தளை வளையம் உள்ள கியர்பாக்ஸில் இந்த வகை ஜி.எல்-5 ஆயிலை ஊற்றினால் அந்த வளையத்தை அது அரித்துவிடக்கூடும். டிப்ரன்ஷியலுக்கு வேண்டியது ஒன்றரை லிட்டர்கூட இல்லை. இதற்கா யோசிப்பது?

போன ஆடி மாதம் ஈரோட்டிலிருந்து ஒரு மார்க் 2 அம்பாசிடர் வந்தது. உடம்பு முழுக்கப் புது கறுப்பு பெயிண்ட், முகம் பார்க்கலாம். “அண்ணா, நாப்பது அம்பதுல போனா பின்னாடி ஊளை உடுதுங்க. பிரேக்கு வேற ஒரு பக்கமா இழுக்குதுங்க” என்றார் அதை ஓட்டிவந்த தம்பி. ஓமலூர் வரை ஓட்டிப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் சத்தம், காலை எடுத்தால் அடங்கியது. தூக்கி நிறுத்தி, பின்பக்கத்து ஆயில் ஊற்றும் பிளக்கை முதலில் திறந்தேன். எப்போதும் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். அடிப் பிளக்கைத் திறந்து ஆயிலை வடித்த பிறகு மேலே உள்ளது துருவில் சிக்கித் திரும்ப மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு திண்டாட வேண்டியதுதான். விரலை விட்டுப் பார்த்தேன். ஆயில் தொடவில்லை. அடியில் மிச்சமிருந்ததை வடித்து வெயிலில் பிடித்தபோது சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது, நுண்ணிய இரும்புத் துகள்.

ஆயில் எங்கே போனது? ஆக்சில் குழாயின் மேலே பிரீதர் என்று விரல் நுனி அளவுக்கு ஒரு காற்றுப் போக்கி இருக்கும். துரு பிடிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்கத் தார் போன்ற பூச்சு அடித்தவர்கள் அதையும் சேர்த்து மூடிவிட்டார்கள். ஓட்டத்தில் ஆக்சில் சூடாகும், உள்ளே காற்று விரியும். வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீலைத் தாண்டித் தள்ளும். இடது சக்கர டிரம்மைக் கழற்றினால் பிரேக் ஷூ ஆயிலில் ஊறிக் கிடந்தது. அவர் சொன்ன இரண்டு புகாருக்கும் வேர் ஒன்றே. காரை அழகுபடுத்திய கை, அதன் மூச்சை அடைத்திருக்கிறது. குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலையிறங்கும் வண்டியாக அது இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பதைப்பாக இருந்தது.

ஆக்சில்களை இழுத்துவிட்டு டிப்ரன்ஷியல் உருண்டையை முன்பக்கமாக இறக்கினோம். பற்கள் தப்பியிருந்தன. பினியன் பேரிங் மட்டும் பொத்தல் பொத்தலாகக் கொட்டியிருந்தது. புது பேரிங் போட்டதும் வேலை முடிந்துவிடாது. உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது. கிரவுனின் சில பற்களில் நீல மையைத் தடவி, கையால் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். பல்லின் நடுவில், உள்முனைப் பக்கம் சற்றே சாய்ந்து விழுந்தால் சரி. மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, பல்லின் அடியில் விழுந்தால் அளவுக்கு மேல் நெருங்கிவிட்டது. காகிதம் போன்ற ஷிம்மைச் சேர்த்தோ எடுத்தோ மறுபடி கட்டி, மறுபடி மை தடவ வேண்டும். பிறகு இரண்டுக்கும் நடுவே உள்ள ஆட்டத்தை டயல் கேஜில் பார்க்க வேண்டும். அது அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குதான். அன்று பொழுது சாயும்வரை இதே வேலை. எல்லாம் முடிந்தபோது ஆன செலவு, பெயிண்டுக்கு அந்தத் தம்பி கொடுத்ததில் சிறு பங்குகூட இல்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். வளைவில் மட்டும் சத்தம் என்றால் உள்ளே இருக்கும் சன் கியர், ஸ்டார் கியர்களைச் சந்தேகிக்கலாம். வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் ஓடும்போதுதான் அவற்றுக்கு வேலை. மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பெரும்பாலும் சக்கர பேரிங். வண்டி நகரும்போது ‘டங்’கென்று ஓர் அடி என்றால், உருண்டையைக் கழற்றுவதற்கு முன் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள், பல நேரம் குற்றவாளி அதுதான். சத்தமே இல்லாவிட்டாலும் ஆயிலைப் பாருங்கள். 140 நம்பர் ஆயிலை ஊற்றி ஊளையை அமுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது வாங்குகிறவனை ஏமாற்றுவது மட்டுமல்ல, ஒரு நல்ல ஜோடியைச் சாகவிடுவதும்கூட.

இந்த வேலை தெரிந்தவர்கள் எங்கே என்று கேட்கலாம். இன்றைய சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை. அவற்றில் பழகிய பையன்களுக்குப் பின் உருண்டை அந்நியம். ஆனால் நாமக்கல், சங்ககிரி லாரிப் பட்டறைகளில் கிரவுன் கட்டுவது இன்றும் அன்றாட வேலை. அளவு பெரிது, முறை ஒன்றே. தேடுகிறவர்கள் அங்கே போய்க் கேளுங்கள்.

2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வயது கடந்த, பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிக்கு ‘வி.ஏ.’ எழுத்துகளோடு எண் தருகிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். மார்க் 2 அம்பாசிடர்கள் இப்போது அந்த வயதுக்கு வந்துவிட்டன. மூலவடிவம் கெடக்கூடாது என்று சட்டம் சொல்லும்போது, பின் ஆக்சிலும் அந்த வடிவத்தில் சேர்த்திதானே? கோளாறு வந்ததும் ஜீப் ஆக்சிலை வெட்டி ஒட்டுவது, வெளித்தோற்றம் மாறாவிட்டாலும், வண்டியை மாற்றுவதுதான். கண்காட்சி, பேரணி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: மதிப்பெண் போடும்போது ஒருமுறை குனிந்து, கையில் டார்ச்சோடு அடியில் பாருங்கள். அடிப்பாகத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று அறிவித்தால் சொந்தக்காரர்கள் தாமாகவே கவனிக்கத் தொடங்குவார்கள்.

சொந்தக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, பின் பிளக்கைத் திறந்து, ஆயில் துளையின் விளிம்புவரை நிற்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பிரீதரைத் துடைத்துவிடுங்கள். உங்கள் கிரவுன், பினியனில் பொறித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு எழுதி வையுங்கள். தேய்ந்து கழற்றிய ஜோடியை எடைக்குப் போடாமல் அருகிலுள்ள ஐ.டி.ஐ.க்குக் கொடுங்கள். நீல மை தடவிப் பழக மாணவர்களுக்கு அது போதும்.