செவிக்குத் துணை

கிரிவலப் பாதையில், மலையின் பின்புறம் அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை. மாணிக்கவாசகப் பெருமான் திருவெம்பாவை அருளிய இடமென்று அன்பர்கள் போற்றும் ஊர் அது. அவ்வூரில் வாழும் 72 வயதுப் பெரியவர் ஒருவர், மார்கழி வைகறையில் அந்த இருபது பாடல்களையும் கேட்காமல் இருந்ததில்லை. சென்ற ஆண்டும் சந்நிதியின் முன் கைகூப்பி நின்றார். இசை காதில் விழுந்தது, சொல் விளங்கவில்லை. கண்ணீரோடு வீடு திரும்பினார். எவரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் மனைவியார் இரண்டாம் முறை அழைத்தால் எரிந்து விழுந்தார். கிரிவலம் சென்றபோது பின்னால் வந்த ஆட்டோவின் ஒலி கேட்காமல் நடந்தார். பேத்தி கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினார். அதன் பிறகே, மருந்துக் கடையில் 900 ரூபாய்க்குக் கிடைத்த ‘காது மெஷின்’ ஒன்றை வாங்கி அணிந்தார். கோயில் மணியும் ஒலிபெருக்கியும் பேரிரைச்சலாய்த் தாக்கின. கருவியும் ‘கீ’யென்று கூவியது. அருகில் நின்றோர் திரும்பிப் பார்க்கவே, நாணமுற்று அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

அவருடைய குறையை முதலில் அறிய வேண்டும். முதுமையில் பெரும்பாலும் கூர்மையான ஒலிகளே முதலில் மங்குகின்றன. ச, த போன்ற மெய்யொலிகள் தேய்ந்து, உயிரொலிகள் மட்டும் எஞ்சுகின்றன. ஆதலால் ‘கேட்கிறது, புரியவில்லை’ என்ற நிலை உண்டாகிறது. எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கும் மலிவான ஒலிபெருக்கிக் கருவி இதற்கு மருந்தாகாது. மங்கிய ஒலியை மட்டும் தேர்ந்து உயர்த்தி, பேரொலியை அடக்கும் டிஜிட்டல் கருவியே ஏற்றது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் பலர் ஏமாறுகின்றனர்.

அமெரிக்காவில் 2022 அக்டோபர் 17 முதல், மருத்துவர் சீட்டின்றிக் கடையிலேயே வாங்கும் செவிக்கருவிகளுக்குத் தனி விதி நடைமுறையில் உள்ளது. 18 வயது நிறைந்தோருக்கு, லேசானது முதல் நடுத்தரமானது வரையிலான குறைக்கே அவை உரியவை. கருவி எழுப்பும் ஒலி 111 டெசிபலையும், பேரொலியைத் தானே அடக்கும் வசதி இருந்தால் 117 டெசிபலையும் தாண்டலாகாது. இங்கே கடையில் தொங்கும் கருவியெல்லாம் அந்த அளவுகோலில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

வாங்குமுன் மூன்று வகைகளை ஒப்பிடலாம். சட்டைப் பையில் வைக்கும் கருவி விலை குறைந்தது. சாதாரண பென்சில் பேட்டரியில் இயங்கும். திருகு பெரிதாதலால் நடுங்கும் விரலுக்கும் எளிது. ஆனால் துணி உரசும் ஓசையும் கேட்கும். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவி பெரும்பாலோருக்குப் பொருந்தும். காதுக்குள்ளேயே மறையும் கருவி அழகானது; எனினும் குறும்பியால் அடைபடும், பேட்டரி மாற்றுவதும் கடினம்.

விலையோடு பேட்டரிச் செலவையும் கூட்டிப் பார்க்க வேண்டும். சிறிய பேட்டரி வாரத்துக்கு ஒன்று தேவைப்பட்டால், இரு காதுக்கும் ஆண்டுக்கு 104 ஆகும். சார்ஜ் செய்யும் கருவியில் இச்செலவு இல்லை. ரசீது, உத்தரவாதம், சில நாள் அணிந்து பார்க்கும் வசதி, அருகிலேயே பழுது நீக்கும் இடம் ஆகிய நான்கும் இல்லாத கருவி எவ்வளவு மலிவாயினும் நட்டமே.

60 வயது கடந்தவர், வறுமைக்கோட்டிற்குக் கீழ் உள்ளவராகவோ மாத வருமானம் 15,000 ரூபாய்க்கு மேற்படாதவராகவோ இருந்தால், 2017-இல் தொடங்கிய மத்திய அரசின் ‘ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனா’ திட்டத்தின் முகாம்களில் செவிக்கருவி இலவசமாகப் பெறலாம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

திடீரென்று கேட்காமல் போனாலும், ஒரு காது மட்டும் மங்கினாலும், சீழ், வலி, தலைச்சுற்றல் இருந்தாலும் கடைக்குச் செல்லலாகாது. காலம் தாழ்த்தாமல் காது மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பெரியவரையும் மகள் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். ஒரு காதில் இறுகியிருந்த குறும்பி அகற்றப்பட்டது. கேள்திறன் சோதனையில் இரு காதிலும் நடுத்தரக் குறை இருப்பது தெரிந்தது. காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைச் சோதனை அறிக்கைக்கு ஏற்பப் பொருத்தினார்கள். முதல் வாரம் பாத்திர ஓசையே எரிச்சலூட்டியது. “கொஞ்சம் பொறுத்துக்கோங்க தாத்தா, பழகிடும்” என்றாள் பேத்தி. நாளுக்குச் சில மணி நேரமாகத் தொடங்கி, மெல்ல மெல்லப் பழகினார். எண்ணெய்க் குளியலின்போது கழற்றி வைக்கவும், திருநீறும் வியர்வையும் படாமல் துடைக்கவும் கற்றுக்கொண்டார்.

இந்த மார்கழியில் மீண்டும் சந்நிதியில் நின்றார். இளமையில் கேட்ட தெளிவு முழுமையாகத் திரும்பவில்லை. ஆயினும் பாடலின் சொற்கள் வந்து சேர்ந்தன. வீடு திரும்பியதும் மனைவியார் சமையலறையிலிருந்து அழைத்தார். முதல் அழைப்பிலேயே “இதோ வரேன்” என்று குரல் கொடுத்தார் பெரியவர்.