நடராஜர் சிலையும் ஹைட்ரஜன் புட்டியும்

ஜெனீவா பட்டணத்துக்கு அருகே 'செர்ன்' என்னும் அணு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு நடராஜர் சிலை நிற்கிறது. இந்திய சர்க்கார் அன்பளிப்பாகக் கொடுத்த அச்சிலை 2004-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. இதைக் காட்டி நமது வைதீகர்கள், "வெள்ளைக்கார விஞ்ஞானிகளே சிவபெருமான் தாண்டவத்தில்தான் அணு ரகசியம் அடங்கியிருக்கிறது என்று ஒப்புக்கொண்டு விட்டார்கள்" என்று முழங்குகிறார்கள்.

தாண்டவத்தையும் அணுத் துகள்களின் ஆட்டத்தையும் ஒப்பிட்டு எழுதிய பலகை அங்கே இருப்பது வாஸ்தவந்தான். ஆனால், உவமை சொல்வது வேறு, யந்திரத்தை ஓட்டுவது வேறு. யந்திரத்தை ஓட்டுவது எது என்றே நாம் கேட்கிறோம்.

அங்கே பாயும் புரோட்டான்கள் பிறக்கும் இடம் கர்ப்பக்கிருகமல்ல. அது ஒரு ஹைட்ரஜன் வாயுப் புட்டியேயாகும். சிலை திறந்த காலத்தில் இவ்வேலையைச் செய்தது 'டியோபிளாஸ்மட்ரான்' என்ற கருவி. சிறு உலோக அறைக்குள் வாயுவைக் கொஞ்சங் கொஞ்சமாக விடுவார்கள். சூடேறிய உலோகத்திலிருந்து கிளம்பும் எலெக்ட்ரான்கள் வாயுவின் மீது மோதி, அதன் எலெக்ட்ரானைப் பிய்த்துவிடும். மிஞ்சுவது நேர் மின்சாரமுள்ள அயனி. இந்த அயனிக் கூட்டத்தைப் புனல் போன்ற மின்வாயாலும் காந்தத்தாலும் நெருக்கி, சிறு துவாரத்தின் வழியே பதினாயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தால் கற்றையாக வெளியே இழுப்பார்கள். நேர் மின்சாரமும் நேர் மின்சாரமும் ஒன்றையொன்று தள்ளுமாதலால், அயனிகள் பெருகப் பெருகக் கற்றை சிதறப் பார்க்கும். சிதறாமல் ஏராளமாக எடுப்பதுதான் வித்தை. அது மந்திரத்துக்குக் கட்டுப்படாது, காந்தத்துக்கே கட்டுப்படும்.

இக்கருவியைக் கண்டவர் மான்பிரெட் வான் ஆர்டென்னே என்னும் ஜெர்மானியர். பள்ளிப் படிப்பை முடிக்காமலும், சர்வகலாசாலையில் நான்கு பருவத்தோடும் நின்று, மீதியைச் சொந்த முயற்சியால் கற்றவர். இன்னார்தான் படிக்கலாம், இன்னார் காதில் விழவுங் கூடாது என்று சாஸ்திரம் எழுதியவர்கள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

சிலிக்கன் சில்லுகளைச் செய்யவும் போரான், பாஸ்பரஸ் அயனிகளை இப்படியே கற்றையாக்கிப் பாய்ச்சுகிறார்கள். ஜோசியர் நாள் பார்த்துச் சொல்லும் கைப்பேசிக்குள் இருப்பதும் அந்தச் சில்லுதான்!

நிற்க. செர்னில் 1978 முதல் உழைத்த முதற்கட்ட யந்திரத்துக்கு, இந்த டியோபிளாஸ்மட்ரான் உள்பட, 2018-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். எதிர் மின்சாரமுள்ள ஹைட்ரஜன் அயனியில் ஓடும் புதியதொன்றை 2020-ல் இணைத்தார்கள். நாற்பது வருஷத்துப் பழக்கமாயிற்றே, முன்னோர் வைத்ததாயிற்றே என்று ஒருவரும் தடுக்கவில்லை. அதைவிட நல்லது கிடைத்தது, மாற்றினார்கள். நம் நாட்டிலோ, ஜாதி, சடங்கு, தீட்டு ஆகிய அழுகல்களைப் "பழையது" என்ற ஒரே யோக்கியதைக்காகக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

ஆகவே தோழர்களே! அந்தச் சிலையைப் பெயர்த்து ஓரமாக வைத்தாலும் யந்திரம் ஓடும். புட்டியின் திருகை மூடினாலோ உடனே புரோட்டான் நின்றுபோகும். இரண்டில் எதை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டப் போகிறீர்கள்?