கொசுக்கடி முதல் சோரியாசிஸ் வரை: தோலின் ரத்தக் குழாய் செல்களை ஏன் வகை பிரிக்கிறார்கள்?

கொசு கடித்த இடம் சில நிமிடங்களில் தடித்துப்போய் அரிக்க ஆரம்பிக்கும். ரத்தத்தின் நீர்ப் பகுதி குழாயிலிருந்து கசிந்து தோலுக்குள் தேங்குவதால் வரும் தடிப்பு அது. கசிவைத் தூண்டுவது ஹிஸ்டமின் என்ற ரசாயனம். அதனால்தான் ஹிஸ்டமினைத் தடுக்கும் செட்ரிசின் மாத்திரை போட்டால் அடங்குகிறது. இதுவரை பலருக்கும் தெரியும். ஆனால், ரத்தக் குழாயின் எந்தப் பகுதியில் கசிகிறது?

1961-ல் குய்டோ மைனோ, ஜார்ஜ் பலாடே ஆகியோர் எலிகளிடம் நடத்திய ஆய்வில், எலெக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் இதற்கு விடை கண்டார்கள். கசிவது தலைமுடியைவிட மெல்லிய தந்துகிகள் அல்ல. அவற்றுக்கு அடுத்து வரும் நுண்சிரைகள். ஒரே ரத்தம், ஒரே ஹிஸ்டமின், ஒன்றோடொன்று இணைந்த குழாய். ஆனாலும் ஒரு பகுதி வாய் திறக்கிறது, பக்கத்துப் பகுதி திறப்பதில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்விதான் இன்று தோல் நோய் ஆராய்ச்சியில் பெரிய விஷயமாகியிருக்கிறது.

உள்சுவர் செல்கள் என்றால் என்ன?

நம் உடலில் இருக்கும் எல்லா ரத்தக் குழாய்களின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் தடிமனில் ஓர் அடுக்கு இருக்கிறது. இவை எண்டோதீலியல் செல்கள். ரத்தத்தை நேரடியாகத் தொடும் சுவர் இதுதான். எது வெளியே போகலாம், எது போகக் கூடாது, குழாய் எப்போது விரியவேண்டும், ரத்தம் எங்கே உறையவேண்டும் என்பதில் எல்லாம் இவற்றுக்குப் பங்கு உண்டு. 

தோலின் மேலடுக்கில் ரத்தக் குழாயே கிடையாது. அதற்குக் கீழே உள்ள உள்தோலில்தான் இரண்டு தளங்களாகக் குழாய் வலை விரிந்திருக்கிறது. மேல் வலையிலிருந்து வளைந்த கொண்டை ஊசி மாதிரி தந்துகிகள் எழும்பி, மேல்தோலுக்கு அடியில் வரை வந்து திரும்புகின்றன. வெயிலில் நடக்கும்போது உடல் சூட்டை வெளியேற்றுவதும் இந்த வலைதான். சாதாரணமாக நிமிடத்துக்கு அரை லிட்டருக்குள் இருக்கும் தோலின் ரத்த ஓட்டம், கடும் வெப்பத்தில் 6 முதல் 8 லிட்டர் வரை எகிறும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை

நுண்தமனியில் இருக்கும் உள்சுவர் செல்கள் அழுத்தத்தைத் தாங்கி, குழாய் சுருங்கி விரிய உதவுகின்றன. தந்துகிச் செல்கள் ஆக்ஸிஜனும் சத்தும் திசுவுக்குப் போக வழி செய்கின்றன. தேங்கும் திரவத்தை வடித்து எடுக்கும் நிணநீர் நாளங்களுக்குத் தனி உள்சுவர் செல்கள் உண்டு.

நுண்சிரையின் வேலை கொஞ்சம் ஸ்பெஷல். நோய் எதிர்ப்பு வேலை பார்க்கும் வெள்ளை அணுக்களுக்கு இதுதான் ஸ்டாப்பிங். தோலில் காயமோ கிருமியோ வந்தால், நுண்சிரைச் செல்கள் தங்கள் மேற்பரப்பில் பிடிமானப் புரதங்களை நீட்டுகின்றன. ஓடும் ரத்தத்தில் வரும் வெள்ளை அணு அதைப் பிடித்து, உருண்டு, வேகம் குறைந்து, சுவரைத் தாண்டித் தோலுக்குள் இறங்குகிறது. அதோடு, தோலுக்கு வரவேண்டிய அணுக்களும் குடலுக்குப் போகவேண்டிய அணுக்களும் வெவ்வேறு பிடிமானங்களைத் தேடுகின்றன. அந்தந்த உறுப்பின் உள்சுவர் செல்கள்தான் விலாசம் சொல்கின்றன.

இத்தனை நாள் ஏன் கண்டுகொள்ளவில்லை?

இரண்டு காரணங்கள். முதலாவது, வசதி. 1973-ல் குழந்தையின் தொப்புள்கொடிச் சிரையிலிருந்து உள்சுவர் செல்களை எடுத்து ஆய்வகத் தட்டில் வளர்க்க முடிந்தது. எளிதாகக் கிடைப்பதால் பல்லாயிரம் ஆய்வுகள் அதை வைத்தே நடந்தன. தொப்புள்கொடியில் பார்த்தது தோலுக்கும் பொருந்தும் என்பது ஓர் ஊகம்தான். தோலிலிருந்தே எடுத்தாலும் சிக்கல் தீராது. உடலை விட்டு வெளியே வந்து தட்டில் வளரும்போது, இந்தச் செல்கள் தங்கள் தனி அடையாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடும்.

இரண்டாவது, சராசரி. தோல் துண்டை மொத்தமாக அரைத்து மரபணுக்களைப் படித்தால் கிடைப்பது சராசரிக் கணக்கு. ஒரு தெருவின் சராசரி வருமானம் தெரிந்தால், அங்கே யார் ஆட்டோ ஓட்டுகிறார், யார் ஐடி வேலையில் இருக்கிறார் என்று தெரியாது இல்லையா? அதே கதைதான்.

ஒவ்வொரு செல்லிலும் எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று தனித்தனியாகப் படிக்கும் தொழில்நுட்பம் வந்த பிறகு நிலைமை மாறியது. உடலின் எல்லா வகைச் செல்களையும் பட்டியலிடும் மனித செல் வரைபடத் திட்டம் 2016-ல் தொடங்கியது. அந்த வரிசையில், பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முஸ்லிஃபா ஹனிஃபா தலைமையிலான குழு, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தோல் செல்களைப் படித்து, 2021 ஜனவரியில் ‘சயின்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டது. கருவின் தோல், ஆரோக்கியமான பெரியவர்களின் தோல், எக்ஸிமா மற்றும் சோரியாசிஸ் உள்ளவர்களின் தோல் என எல்லாமே இதில் அடக்கம்.

அந்த இரண்டு நோய்களிலுமே, நுண்சிரை வகை உள்சுவர் செல்களும் ஒரு வகை மேக்ரோஃபேஜ் செல்களும் அதிகரித்திருந்தன. வளரும் கருவின் தோலில் இயங்கும் மரபணுச் செயல்திட்டம் இந்தச் செல்களில் மறுபடியும் தலைதூக்கியிருந்தது. அதாவது, நோயில் உள்சுவர் சும்மா வேடிக்கை பார்க்கவில்லை. அதற்கும் கை இருக்கிறது.

சரி, நோயாளிக்கு இதனால் என்ன?

இங்கேதான் உண்மையான சிக்கல். சோரியாசிஸுக்காக 2003-ல் அமெரிக்காவில் எஃபலிசுமாப் என்ற ஊசி மருந்துக்கு அனுமதி கிடைத்தது. வெள்ளை அணு உள்சுவரைப் பற்றிக்கொள்ளும் ஒரு பிடிமானத்தை அது தடுத்தது. ஆனால், அந்தப் பிடிமானம் தோலுக்கு மட்டும் உரியதல்ல, உடல் முழுக்கப் பயன்படுவது. மருந்து எடுத்த சிலருக்கு உயிரைப் பறிக்கும் அரிய மூளைத் தொற்று வந்தது. 2009-ல் மருந்து சந்தையிலிருந்து விலக்கப்பட்டது.

இதற்கு நேரெதிர் உதாரணம் வெடோலிசுமாப். 2014-ல் அனுமதி பெற்ற இந்த மருந்து, வெள்ளை அணுக்கள் குடலின் விலாசத்தைப் படிப்பதை மட்டும் தடுக்கிறது. குடல் அழற்சி நோய்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

அப்படியென்றால் தோலின் விலாசத்தையும் அடைத்துவிடலாமே? முயன்றார்கள். தோலின் நுண்சிரைகளில் முக்கியமான இ-செலக்டின் என்ற புரதத்தைத் தடுத்துப் பார்த்த சோதனையில் சோரியாசிஸ் குறையவில்லை. ஒரு கம்பியை எடுத்தால், பிடிக்க இன்னொரு கம்பி இருக்கிறது. எந்தச் செல்லில் எத்தனை பிடிமானங்கள், நோயில் அவை எப்படி மாறுகின்றன என்ற முழுப் பட்டியல் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை.

குழந்தையின் சிவப்புத் தழும்பிலும் இதே கதை

குழந்தைகளின் தோலில் தெரியும் சிவப்புத் திட்டுகள் எல்லாம் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஹெமாஞ்சியோமா என்பது பிறந்த சில வாரங்களில் வேகமாக வளர்ந்து, பின் ஆண்டுக்கணக்கில் மெல்ல வற்றும் கட்டி. அதன் உள்சுவர் செல்களில் குளுட்1 என்ற புரதம் இருக்கும். போர்ட் ஒயின் தழும்பில் அது இருக்காது, தழும்பும் தானாக மறையாது. அதற்குக் காரணம் ஜிஎன்ஏக்யூ என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் என்பது 2013-ல் தெரியவந்தது.

சிகிச்சையும் வேறு. 2008-ல் பிரான்ஸின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயப் பிரச்சினைக்காகப் புரோப்ரனலால் கொடுத்த குழந்தையின் ஹெமாஞ்சியோமா சுருங்குவதைக் கவனித்துப் பதிவுசெய்தார்கள். இன்று அதுதான் முதன்மை மருந்து. போர்ட் ஒயின் தழும்புக்கு லேசர்தான் வழி. புரோப்ரனலால் இதயத் துடிப்பையும் ரத்தச் சர்க்கரையையும் குறைக்கக்கூடியது என்பதால், வாட்ஸ்அப் பார்த்துக் கொடுக்கும் மருந்து அல்ல.

நாம் கவனிக்க வேண்டியது

மருத்துவப் பாடப் புத்தகங்கள் சொல்லும் ‘சிவந்த தோல்’ வெள்ளைத் தோலில் தெரியும் சிவப்பு. கருமையான தோலில் அதே அழற்சி ஊதாவாகவோ, கரும்பழுப்பாகவோ தெரியலாம். சட்டென்று கண்ணில் படாமலும் போகலாம். அதனால், சிவக்கவில்லையே என்று விட்டுவிடாமல், சூடு, தடிப்பு, அரிப்பு, செதில் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

செல் வரைபடங்களுக்கும் இது பொருந்தும். யாருடைய தோலை வைத்து வரைகிறோம் என்பதைப் பொறுத்தே, வரும் மருந்து யாருக்கெல்லாம் சரியாகப் பொருந்தும் என்பதும் அமையும். வகை பிரிக்கும் வேலை ஓரளவு முடிந்திருக்கிறது. விலாசம் தவறாமல் மருந்தைக் கொண்டுசேர்க்கும் வேலைதான் பாக்கி.