ஐந்நூறு ரூபாயும் ஏழு ஆண்டுகளும்

திருமங்கலத்தில் மளிகைக் கடை நடத்தும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் வீட்டுக்கு வந்தார். வீட்டுக் கடன் கேட்டு அவர் அளித்த விண்ணப்பத்தை வங்கி நிராகரித்துவிட்டது. காரணம், கடன் மதிப்பெண் குறைவு. மதுரை கீழமாசி வீதி மொத்த வணிகர்களிடம் ஒரு நாளும் தவணை தவறாதவர் அவர். மின் கட்டணத்தைக் கெடு தேதிக்கு முன்பே கட்டுபவர். அவருக்கா குறைந்த மதிப்பெண் என்று எனக்கு வியப்பு.

அறிக்கையை வாங்கிப் பார்த்தபோது விடை கிடைத்தது. பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் வேலை பார்த்தபோது, சம்பளக் கணக்குடன் அவருக்கு ஒரு கடன் அட்டையும் தரப்பட்டது. இரண்டு முறை பயன்படுத்தி, அந்தத் தொகையையும் செலுத்திவிட்டார். பிறகு ஊர் திரும்பினார். முகவரியும் கைப்பேசி எண்ணும் மாறின. அட்டையை முறைப்படி ஒப்படைக்கவில்லை. ஆண்டுக் கட்டணமான ஐந்நூறு ரூபாய் நிலுவையில் நின்றது. அதன் மீது வட்டி, தாமதக் கட்டணம், வரி எனச் சேர்ந்து சில ஆயிரங்கள் ஆகிவிட்டன. "ஐநூறு ரூபாய்க்கு என்னை ஏமாத்துக்காரன் ஆக்கிட்டாங்களே, ஐயா" என்றார். அந்தக் குரலில் கோபத்தைவிட அவமானமே மிகுந்திருந்தது.

கடன் வரலாறு என்பதே அநீதி என்று நான் கூற மாட்டேன். கடன் கேட்பவர் தம்மைப் பற்றி அறிந்த அளவுக்குக் கடன் தருபவர் அவரைப் பற்றி அறிவதில்லை. இந்தத் தகவல் இடைவெளியைப் பற்றி ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, இந்தியக் கிராமத்து வட்டிக்கடைக்காரரையும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. உள்ளூரில் யார் எப்படிப்பட்டவர் என்பதை அவர் அறிவார்; அந்த அறிவே அவரது உயர்ந்த வட்டிக்கு அடித்தளம். அகெர்லோஃபுக்கு 2001-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த அறிவு எல்லா வங்கிகளுக்கும் பொதுவானால், நாணயமான ஏழையும் குறைந்த வட்டியில் கடன் பெற முடியும். 2000-இல் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டதற்கும், 2005-இல் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்காற்றுச் சட்டம் இயற்றப்பட்டதற்கும் இதுவே நியாயம். இன்று சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை.

எந்த நிலுவை இந்தப் பதிவேட்டில் ஏறுகிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். மின் கட்டணம் கட்டாவிட்டால் இணைப்புத் துண்டிக்கப்படும்; அது பொதுவாகக் கடன் அறிக்கைக்குச் செல்வதில்லை. ஆனால் மாதக் கட்டண முறையிலான கைப்பேசி இணைப்பின் நிலுவை சென்று சேர வாய்ப்புண்டு. கடன் அட்டை நிலுவையும், செயலிகள் வழியே 'இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்' என்று தரப்படும் சிறு கடனும் பதிவாகும். பிறருக்காக நாம் போட்ட ஜாமீன் கையெழுத்தும் நம் வரலாற்றின் ஒரு பகுதியே. எத்தனை நாள் தாமதம் என்பது மாதந்தோறும் குறிக்கப்படுகிறது. 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன். இத்தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்பது விதி.

கவலைக்குரியது, இந்த மதிப்பெண்ணின் எல்லை விரிந்துகொண்டே போவதுதான். மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் சரியென்று ஏற்றது. பொதுப்பணத்தைக் கையாளும் வேலைக்கு அது பொருந்தலாம். ஆனால், குறைந்த மதிப்பெண்ணை மட்டும் காட்டி மாணவருக்குக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று 2023-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியிருப்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

2025 மே மாத இறுதியில் தமிழகக் கூட்டுறவுத் துறை அனுப்பிய சுற்றறிக்கை, பயிர்க் கடன் வழங்கும் முன் சிபில் அறிக்கையைப் பார்க்கச் சொன்னது. விவசாயிகள் கொதித்தெழுந்தனர். ஒரே சாகுபடிக்கு இரண்டு இடங்களில் கடன் பெறுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு என்று அரசு விளக்கம் அளித்தது. ஆனாலும் விவசாயிகளின் அச்சம் வீணானதல்ல. கள்ளிக்குடி, தே.கல்லுப்பட்டிப் பக்கத்து மானாவாரி நிலத்தில் மழை பொய்த்தால் தவணையும் பொய்க்கும். அது வானத்தின் பிழையா, மனிதரின் பிழையா என்று கேட்கும் கட்டம் அந்த அறிக்கையில் இல்லை.

என் மாணவரின் கடையிலும் ஒரு பற்று நோட்டு இருக்கிறது. கொத்தனார் ஒருவர் மூன்று மாதம் பாக்கி வைத்தால், அவர் சாரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டவர் என்பது கடைக்காரருக்குத் தெரியும். வாடிக்கையாளரின் ஏய்ப்பையும் இயலாமையையும் அவர் பிரித்தறிவார். கணினிப் பதிவேடு மறதியையும் மோசடியையும் ஏறத்தாழ ஒரே தராசில் நிறுக்கிறது.

ரிசர்வ் வங்கி சில நல்ல திருத்தங்களைச் செய்திருக்கிறது. நான்கு நிறுவனங்களிடமிருந்தும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாள்களுக்குள் தீர்வு வராவிட்டால், நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு; 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. அதன் பிறகும் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கடன் அட்டையை, உரியவருக்குத் தெரிவித்துவிட்டு மூடும் நடவடிக்கையை வங்கியே தொடங்க வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. முதன்முறை கடன் கேட்பவருக்கு வரலாறு இல்லை என்பதற்காகவே மறுக்கக் கூடாது என்பதை 2025-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெளிவுபடுத்தியது.

இவை போதா. அமெரிக்காவில் 500 டாலருக்குக் குறைவான மருத்துவ நிலுவைகளைக் கடன் அறிக்கையிலிருந்து 2023-இல் அந்நாட்டு நிறுவனங்களே நீக்கின. இங்கும் கட்டணத்தால் மட்டுமே உருவான சிறு நிலுவைகளுக்கு ஒரு தொகை வரம்பு வேண்டும். பதிவேட்டில் ஏற்றும் முன் அனுப்பும் அறிவிப்பு உரியவரைச் சென்றடைந்ததா என்பதை வங்கி உறுதி செய்ய வேண்டும். அந்த அறிவிப்பும் அறிக்கையும் தமிழில் கிடைக்க வேண்டும். இயற்கைப் பேரிடரால் நேர்ந்த தாமதத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும்.

மக்களும் செய்ய வேண்டியது உண்டு. வேண்டாத அட்டையை இழுப்பறையில் போட்டு வைக்காமல், எழுத்து மூலம் மூடி, நிலுவையின்மைச் சான்று பெற வேண்டும். முகவரியோ எண்ணோ மாறினால் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கொரு முறை அறிக்கையைப் பார்க்க வேண்டும்.

பாதித் தொகை கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று என் மாணவருக்கு வங்கியின் வசூல் முகவர் ஆசை காட்டினார். அப்படிச் செய்தால் 'சமரசத்தில் தீர்க்கப்பட்டது' என்ற குறிப்பு நின்றுவிடும். பிற வங்கிகள் அதை முழுமையாகச் செலுத்தியதாகக் கொள்வதில்லை. முழுத் தொகையையும் கட்டச் சொன்னேன். கட்டி, சான்றும் வாங்கிவிட்டார். மதிப்பெண் ஏறச் சில மாதங்கள் ஆகலாம். வீடு அதுவரை காத்திருக்க வேண்டும்.

கடன்பட்டவர் கணக்கைத் தீர்ப்பது அவரது கடமை. கணக்கு நியாயமாக எழுதப்படுகிறதா என்று பார்ப்பது அரசின் கடமை. முதல் கடமையில் தவறுபவரைக் குறித்துவைக்க நம்மிடம் நான்கு பதிவேடுகள் உள்ளன. இரண்டாவதற்கு ஒன்றுகூட இல்லை.