பட்டாவில் இல்லாத பெயர்

சிவகங்கைச் சீமை வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் நெல் விளையும். 2016ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. இத்தகைய ஆண்டுகளில் ஆண்கள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பிழைப்புத் தேடிச் செல்ல, உழவு பெண்களிடம் வந்து சேர்கிறது. நாற்று நடுதலும் களையெடுத்தலும் என்றும் அவர்களுடையவையே. இப்போது மடை திறப்பதும், உரம் வாங்குவதும், டிராக்டருக்கு வாடகை பேசுவதும் அவர்கள் பொறுப்பு. ஊருணித் தண்ணீர்க் குடமோ இன்னும் இடுப்பை விட்டு இறங்கவில்லை.

ஆயினும் பட்டா பெரும்பாலும் கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கிறது. வறட்சி நிவாரணமும் பயிர்க்கடனும் அதைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சமஉரிமை அளித்துத் தமிழ்நாடு 1989இலேயே சட்டம் இயற்றியது. உடன்பிறந்தார் முகம் கோணாதிருக்க அவ்வுரிமையைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுப்பதைப் பெருந்தன்மை எனப் போற்றுவது தகாது. பயிரிடுபவரை அடங்கலில் பதியும் கிராம நிர்வாக அலுவலர், அங்கேனும் அப்பெண்ணின் பெயரை எழுதலாம்.