டான்சில் ஆபரேஷன்: ‘ரத்தமே வராது’ என்பது எதுவரை உண்மை?

‘ரத்தம் இல்லை, வலி இல்லை, மறுநாளே வீடு.’ டான்சில் அறுவை சிகிச்சைக்கு இப்படி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். வீட்டுக்குப் போவது வரைதான் சொல்கிறார்கள். அடுத்த பத்து நாளைப் பற்றிப் பேச்சே இல்லை.

என்ன மாறியிருக்கிறது? பழைய முறையில் டான்சிலைக் கருவிகளால் பிரித்தெடுத்து, ரத்தக் குழாய்களை நூலால் கட்டுவார்கள். பிறகு மின்சூட்டால் எடுக்கும் டயாதெர்மி வந்தது. அதில் வெப்பம் 400 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கோப்லேஷனில் உப்புநீரும் ரேடியோ அலையும் சேர்ந்து 40 முதல் 70 டிகிரியிலேயே திசுவைக் கரைத்துவிடும். சுற்றியுள்ள தசை வேகாது, அதனால் வலி குறையும் என்பது கணக்கு. குறைகிறதா? முதல் சில நாட்களுக்குக் கொஞ்சம். ஏழாம் நாளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்கிறது 2017-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு.

ஆபரேஷன் மேஜையில் ரத்தம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பயப்பட வேண்டிய கசிவு பெரும்பாலும் 5 முதல் 10 நாளுக்குள், காயத்தின் மேல் படிந்த வெள்ளைப் படலம் உதிரும்போது வருகிறது. இங்கிலாந்திலும் வடக்கு அயர்லாந்திலும் 2003-04இல் சுமார் 34,000 டான்சில் அறுவை சிகிச்சைகளைக் கணக்கெடுத்தார்கள். சூடே பயன்படுத்தாத பழைய முறையைவிட, டயாதெர்மியிலும் கோப்லேஷனிலும் பின்கசிவு ஏறக்குறைய மூன்று மடங்கு! கருவிகளும் பயிற்சியும் அதன்பின் மேம்பட்டிருக்கின்றன. இருந்தாலும் புதுசு என்பதாலேயே பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உண்மையிலேயே வித்தியாசம் காட்டுவது, டான்சிலின் வெளியுறையை விட்டுவைத்து உள்திசுவை மட்டும் எடுக்கும் முறை. தசை வெளியே தெரியாததால் வலியும் கசிவும் குறைவு. மிச்சத் திசு மீண்டும் வளரலாம் என்பதுதான் இதன் விலை. தூக்கத்தில் மூச்சு அடைபடும் குழந்தைகளுக்கு இது நல்ல தேர்வு. அடிக்கடி தொற்று வரும் பெரியவர்களுக்கு மருத்துவரிடம் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஆக, ‘எந்த மெஷின்?’ என்பதைவிட, ‘உங்களிடம் ஆபரேஷன் செய்தவர்களில் எத்தனை பேர் ரத்தக்கசிவோடு திரும்பி வந்தார்கள்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். லாங் வீக்எண்டில் முடித்துவிட்டு திங்கட்கிழமை லேப்டாப்பைத் திறக்கலாம் என்ற திட்டம் வேண்டாம். பெரியவர்களுக்குக் கசிவு வாய்ப்பு குழந்தைகளைவிட அதிகம். இரண்டு வாரம் லீவு போடுங்கள், வெளியூர்ப் பயணத்தைத் தள்ளிவையுங்கள். எச்சிலில் புது ரத்தம் தெரிந்தால், ராத்திரி 2 மணியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.